தாய்மாரைக் காத்த வைத்தியர் செம்மல்வைஸ்



நோய் தீரவென்று வைத்தியசாலைக்குப் போகும் ஒருவர், அங்கேயே புதியதொரு நோயைப் பெற்று மாண்டுபோவதும் உண்டு. மருந்து மாறிக் கொடுப்பதாலோ, சுத்தமில்லாத கருவியாலோ, கழுவாத கையாலோ இது நேரலாம். சிகிச்சை பெறுவோரில் ஏறக்குறையப் பத்துப் பேரில் ஒருவர் அச்சிகிச்சையின்போதே ஏதோவொரு தீங்கை அடைகிறார் என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இத்தகைய தீங்கைத் தடுக்கப் போராடி, அதன் பொருட்டு அவமானமும் அடைந்த ஒரு வைத்தியரின் வரலாற்றை இவ்வாரம் உங்கள் முன் வைக்கிறோம்.

இக்னாஸ் செம்மல்வைஸ் 1818ஆம் ஆண்டு யூலை முதலாம் நாள் ஹங்கேரி நாட்டின் பூடா நகரில் பிறந்தார். தந்தை பலசரக்கு வியாபாரி, கத்தோலிக்க குடும்பம். சட்டம் பயில 1837இல் வியன்னாவுக்குச் சென்றவர், விரைவிலேயே மருத்துவத்தில் மனம் பற்றி அதற்கு மாறினார். 1844இல் வைத்தியராகி, 1846இல் வியன்னா பெரிய வைத்தியசாலையின் முதலாம் பிரசவ விடுதியில் பேராசிரியர் கிளைனின் உதவியாளராகச் சேர்ந்தார்.

அவ்வைத்தியசாலையில் இரண்டு பிரசவ விடுதிகள் இருந்தன. முதலாவதில் வைத்தியரும் மருத்துவ மாணவரும் பிரசவம் பார்த்தனர். இரண்டாவதில் மருத்துவிச்சிகள் பார்த்தனர். 1846ஆம் ஆண்டில் முதலாம் விடுதியில் பிள்ளை பெற்ற 4,010 தாய்மாரில் 459 பேர் மாண்டனர். இரண்டாம் விடுதியில் 3,754 பேரில் மாண்டவர் 105 பேரே. பெரும்பாலோரைக் கொன்றது பிரசவக் காய்ச்சல். ஏழைப் பெண்கள் இதை நன்கு அறிந்திருந்தனர். முதலாம் விடுதியில் சேர்க்க வேண்டாமென்று முழந்தாளிட்டு மன்றாடினர். வீதியிலே பிள்ளை பெற்று வந்தவர்கள்கூட அவ்விடுதியில் பிரசவித்தவர்களிலும் பார்க்கப் பிழைத்தனர்.

ஒரே கூரை, ஒரே உணவு, ஒரே காற்று. ஏன் இந்த வேறுபாடு? செம்மல்வைஸின் உறக்கம் போயிற்று. ஒவ்வொரு காரணமாக எடுத்துச் சோதித்தார். முதலாம் விடுதியில் மரணத்தறுவாயில் கிடந்த பெண்களுக்கு இறுதித் திருவருட்சாதனங்களைக் கொண்டுவரும் குருவானவர் ஐந்து அறைகளைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. அவர் முன்னே பணியாள் மணியொலித்துச் செல்வான். அந்த மணியோசை தரும் அச்சமே தாய்மாரை வீழ்த்துகிறதோ என எண்ணிய செம்மல்வைஸ், மணியின்றி வேறு வழியாக வருமாறு குருவானவரை வேண்டிக்கொண்டார். குருவானவரும் இணங்கினார். சாவு குறையவில்லை. பெண்களைப் படுக்கவைக்கும் முறையை மாற்றினார். அதிலும் பயனில்லை.

1847 மார்ச் மாதத்தில் அவருடைய நண்பர் பேராசிரியர் கொலெச்கா மரணமடைந்தார். பிரேத பரிசோதனையின்போது மாணவன் ஒருவனின் கத்தி அவர் விரலில் குத்தியிருந்தது. அவருடைய உடலைப் பரிசோதித்த அறிக்கையை வாசித்த செம்மல்வைஸ் திடுக்கிட்டார். மாண்ட தாய்மாரின் உடலில் கண்ட அதே அடையாளங்கள் அங்கும் இருந்தன! உண்மை புலப்பட்டது. வைத்தியரும் மாணவரும் காலையில் பிரேதங்களை அறுத்துவிட்டு, அந்தக் கைகளோடு தாய்மாரைப் பரிசோதித்தனர். சவர்க்காரத்தால் கழுவினாலும் பிணவாடை கையை விட்டு நீங்குவதில்லை. மருத்துவிச்சிகளோ பிரேதத்தைத் தொடுவதில்லை.

வாசகரே, இங்கே சற்று நில்லுங்கள். சாவின் காரணத்தைத் தேடி மிக அதிகமாகப் பிரேதங்களைச் சோதித்தவர்களில் ஒருவர் செம்மல்வைஸ். ஆகவே தாம் காப்பாற்ற விரும்பிய பெண்கள் பலரைத் தம் கைகளே சாகடித்தன என்பதை அவர் உணர வேண்டியதாயிற்று. இதை அவர் ஒளிக்கவில்லை. பின்னர் தம் நூலிலும் எழுதிவைத்தார்.

அவ்வாண்டு மே மாத நடுப்பகுதியிலிருந்து, விடுதிக்குள் வரும் ஒவ்வொருவரும் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டுமெனக் கட்டளையிட்டார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு, யூன் மாதத்தில் நூற்றுக்கு இரண்டளவாகக் குறைந்தது. ஒக்டோபரில் புற்றுநோயாளி ஒருத்தியைப் பரிசோதித்த கைகளால் வேறு பல தாய்மாருக்கும் நோய் தொற்றவே, ஒவ்வொரு நோயாளிக்கும் இடையிலும் கை கழுவ வேண்டுமென்று விதித்தார். 1848இல் 3,556 தாய்மாரில் மாண்டவர் 45 பேரே. அவ்வாண்டில் இரு மாதங்களில் ஒரு சாவும் நேரவில்லை.

இத்தனைக்குப் பின்னும் அவரைப் பலர் ஏற்கவில்லை. கிருமிகளைப் பற்றிய அறிவு அக்காலத்தில் இல்லை என்பது ஒரு காரணம். தம் கைகளே கொன்றன என்று ஒப்புக்கொள்ளும் மனமின்மை மற்றொன்று. 1849இல் அவருடைய பதவி நீடிக்கப்படவில்லை. 1850இல் மனங்கசந்து வியன்னாவை விட்டு நீங்கினார். பெஸ்ட் நகரின் புனித ரோக்கு வைத்தியசாலையில் ஆறாண்டுகளில் 933 பிரசவங்களில் எட்டுச் சாவுகளே நேர்ந்தன. பின் அந்நகரப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியரானபோது, அழுக்குப் படுக்கைவிரிப்புகளை மாற்றவும் நிர்வாகத்தோடு போராட நேர்ந்தது.

அவரிடமும் குறைகள் இருந்தன. பல ஆண்டுகள் தம் கண்டுபிடிப்பை எழுதி வெளியிடாதிருந்தார். 1861இல் வெளிவந்த நூல் வரவேற்புப் பெறாதபோது, எதிர்த்தவர்களைக் கொலைகாரர் எனப் பகிரங்கக் கடிதங்களில் சாடினார். உண்மையைக் கூறினார், ஆனால் கேட்போர் செவிசாய்க்கும் வண்ணம் கூறவில்லை. 1865இல் அவருடைய மனநிலை குலைந்தது. வியன்னாவில் மனநோயாளர் இல்லத்தில் சேர்க்கப்பட்ட இரு வாரங்களில், ஓகஸ்ட் 13ஆம் நாள், தமது 47ஆம் வயதில் இறந்தார். இரத்தம் நஞ்சேறியே இறந்தார். தாய்மாரைக் காக்க அவர் எதிர்த்து நின்ற நோயும் இத்தகையதே. அதே மாதத்தில் கிளாஸ்கோ நகரில் யோசேப் லிஸ்ரர் காயங்களுக்குக் கிருமிகொல்லி மருந்தைப் பயன்படுத்தினார். 1879இல் லூயி பாஸ்ரர் பிரசவக் காய்ச்சலின் கிருமியை எடுத்துக்காட்டினார்.

இன்று மே 5ஆம் நாள் கைச்சுத்தத்திற்காகவும், 2019 முதல் செப்ரெம்பர் 17ஆம் நாள் நோயாளர் பாதுகாப்பிற்காகவும் உலகெங்கும் நினைவுகூரப்படுகின்றன. ஆயினும் செம்மல்வைஸ் விடுத்த அழைப்பு இன்னும் முடியவில்லை. நல்லெண்ணம் மட்டும் போதாது. நல்லெண்ணத்தோடு நீட்டிய கையும் தீங்கு செய்யக்கூடும். அதை ஆராய்ந்து, ஒப்புக்கொண்டு, திருந்துவதே வழி. நாம் இதனை ஆத்ம சோதனை என்கிறோம். வைத்தியசாலைகளிலும் அது நடைபெற வேண்டும். நேர்ந்த தவறை மறைக்காமல் எடுத்துக்கூறும் தாதியைத் தண்டிக்கும் இடத்தில் அடுத்த தவறும் மறைக்கப்படும். அதன் விலையை ஒரு நோயாளியே செலுத்துவார்.

வாசகரே, உங்களுக்கும் இதில் பங்குண்டு. நோயாளியைப் பார்க்கப் போகும்போது முன்னும் பின்னும் கைகளைக் கழுவுங்கள். பச்சிளங் குழந்தையைத் தூக்குமுன் கழுவுங்கள். நோயாளருக்குத் திவ்விய நற்கருணை கொண்டுசெல்லும் குருக்களாகிய நாமும் இதற்கு விலக்கல்லர். உங்களைத் தொட வரும் வைத்தியரிடம் கைகளைக் கழுவிவிட்டீர்களா எனப் பணிவோடு கேட்பது அவமரியாதையாகாது. வியன்னாவின் ஏழைத் தாய்மார் அப்படிக் கேட்க வழியின்றி மாண்டனர். நமக்கு வழியுண்டு.