உலூக் பேக்: வானை அளந்தவர், மக்கள் மனதை அளக்கத் தவறினார்

ஆட்சியாளர்கள் அறிவியலை மதிப்பதில்லை என்ற மனக்குறை உலகின் பல நாடுகளிலும் மக்களிடம் இருக்கிறது. ஆனால் அறிவியலை உயிராக நேசித்த ஓர் ஆட்சியாளர் மீதே மக்கள் அதிருப்தி கொண்டால் என்ன ஆகும்? நமது வரலாற்றில் அப்படியும் ஒருவர் வாழ்ந்திருக்கிறார். சமர்கந்தை ஆண்ட உலூக் பேக் அவர்.

மாவீரர் தைமூரின் பேரராகக் கி.பி. 1394-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். இயற்பெயர் முஹம்மது தரகாய். தந்தை ஷாருக், தாயார் கவ்ஹர் ஷாத். ஹெராத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட ஷாருக், 1409-இல் சமர்கந்தின் பொறுப்பை மகனிடம் ஒப்படைத்தார். அப்போது உலூக் பேக்கிற்கு 15 வயது.

பாட்டனார் வாளால் வென்ற ஊரைப் பேரர் கல்வியால் உயர்த்த விரும்பினார். 1417-இல் புகாராவிலும், அதைத் தொடர்ந்து சமர்கந்திலும் மத்ரஸாக்களை எழுப்பினார். குர்ஆன், ஹதீஸ், ஃபிக்ஹ் ஆகியவற்றோடு கணிதமும் வானியலும் அங்கே கற்பிக்கப்பட்டன. காழி ஸாதா ரூமி, ஜம்ஷீத் அல்காஷி போன்ற மேதைகள் அங்கு வந்து சேர்ந்தார்கள்.

அல்காஷி தம் தந்தைக்கு எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கிறது. மன்னர் குர்ஆனை மனனம் செய்தவர், குதிரையில் போகும்போதே நுட்பமான கணக்குகளை மனதால் போடுபவர் என்று அதில் வியக்கிறார். அவையில் மன்னர் வேண்டுமென்றே தவறான கருத்தைச் சொல்வாராம். மரியாதைக்காக யாராவது தலையாட்டினால் அவரைக் கண்டிப்பாராம். கல்வி விஷயத்தில் அரசரென்றும் ஊழியரென்றும் அவர் பார்க்கவில்லை.

1420-களில் சமர்கந்துக்கு வெளியே ஒரு குன்றின் மீது வானாய்வுக் கூடம் எழுந்தது. அது மூன்றடுக்கு வட்டக் கட்டடம். அதன் நடுவே சுமார் 40 மீட்டர் ஆரமுள்ள மாபெரும் வில் வடிவ அளவுகோல் நின்றது. அதன் ஒரு பகுதி பாறையைக் குடைந்து பூமிக்குள் இறக்கப்பட்டிருந்தது. தொலைநோக்கி கண்டுபிடிக்கப்பட இன்னும் ஏறத்தாழ 180 ஆண்டுகள் இருந்த காலம் அது. வெறும் கண்ணால் பார்த்து அளந்து, 1018 விண்மீன்களின் இருப்பிடங்களைப் பட்டியலிட்டார்கள். விண்மீன்களை வைத்துக் கணக்கிடும் ஆண்டின் நீளம் 365 நாள் 6 மணி 10 நிமிடம் 8 வினாடி என்று கண்டார்கள். இன்றைய கணக்கோடு ஒப்பிட்டால் பிழை ஒரு நிமிடத்திற்கும் குறைவு. இந்த உழைப்பின் கனியாக 'ஸீஜே சுல்தானி' என்ற நூல் 1437-இல் வெளிவந்தது.

வானை இவ்வளவு துல்லியமாக அளந்தவருக்குப் பூமியில் காரியங்கள் கூடிவரவில்லை. 1427-இல் உஸ்பெக்குகளிடம் அவரது படை படுதோல்வி கண்டது. மங்கோலியர் காலத்திலிருந்து வந்த 'தம்கா' என்ற வணிக வரியை அவர் கைவிடவில்லை. அது ஷரீஅத்திற்கு முரணானது என்று உலமாக்கள் எதிர்த்தார்கள். அரண்மனை விருந்துகளில் மார்க்கத்திற்கு ஒவ்வாதவை நடந்ததையும், அதற்காக முஹ்தஸிப் மன்னரை நேருக்கு நேர் கண்டித்ததையும் வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன.

1447-இல் ஷாருக் இறந்ததும் வாரிசுப் போர் மூண்டது. மறு ஆண்டு உலூக் பேக் ஹெராத்தை வென்றார். அதன் புறநகர் சூறையாடப்பட்டது. அவர் அங்கே இருந்த நேரத்தில் உஸ்பெக்குகள் வந்து சமர்கந்தின் சுற்றுப்புறங்களைக் கொள்ளையிட்டுச் சென்றார்கள். காக்க வேண்டிய மன்னர் ஊரில் இல்லை. வீட்டிற்குள்ளும் நீதி தவறியது. மூத்த மகன் அப்துல் லத்தீஃப் போரில் முன்னின்று உழைத்திருந்தும், வெற்றிச் செய்தி இளையவர் அப்துல் அஸீஸின் பெயரில் அறிவிக்கப்பட்டது. அந்த இளையவரின் நடத்தையால் சமர்கந்து மக்கள் ஏற்கெனவே மனம் கசந்திருந்தார்கள்.

1449-இல் மூத்த மகன் கிளர்ச்சி செய்தபோது மன்னருக்குத் துணை நிற்க ஆளில்லை. தோற்றுத் திரும்பியவருக்குச் சொந்த நகரமே கதவடைத்தது. வேறு வழியின்றிச் சரணடைந்து, ஹஜ்ஜுக்குப் போக அனுமதி கேட்டார். அனுமதியும் கிடைத்தது. ஆனால் திரைமறைவில் அவரைக் கொல்வதற்கு ஒரு ஃபத்வா தயாரானது. ஒரே ஒரு காழி மட்டும் அதில் முத்திரையிட மறுத்தார் என்று கூறப்படுகிறது. ஹிஜ்ரி 853 ரமளான் பிறை 10 அன்று, சமர்கந்தை விட்டுச் சற்று தூரம் போவதற்குள் அவர் கொல்லப்பட்டார். தந்தையைக் கொன்ற மகனின் ஆட்சி ஏறத்தாழ ஆறு மாதமே நீடித்தது. அவரும் கொல்லப்பட்டார்.

1941-இல் உலூக் பேக்கின் கப்ர் திறந்து ஆராயப்பட்டது. கழுத்து எலும்பு வெட்டுப்பட்டிருந்தது. ஷஹீதை அடக்குவது போல அணிந்திருந்த உடையோடே அவரை அடக்கியிருந்தார்கள். ஆக, அவரை ஷஹீதாகக் கருதியவர்களும் அன்று இருந்திருக்கிறார்கள்.

நாம் இங்கே நின்று சிந்திக்க வேண்டும். மார்க்கம் அறிவியலை எதிர்த்த கதையென்று இதைச் சிலர் சொல்லிவிடுகிறார்கள். அந்த வானியலாளர்கள் மத்ரஸா ஆசிரியர்களாகவே இருந்தார்கள். மக்கள் நொந்தது வரியாலும், போராலும், காவலில்லாத ஊராலும். விண்மீன் கணக்கு யாரையும் துன்புறுத்தவில்லை. ஆனால் மன்னர் மீதிருந்த கோபத்திற்கு விலை கொடுத்தது அந்தக் கல்விதான். ஆதரிப்பாரின்றி வானாய்வுக் கூடம் பாழடைந்தது. அது நின்ற இடம்கூட மறந்துபோய், 1908-இல்தான் மண்ணுக்கடியிலிருந்து மீட்கப்பட்டது.

கட்டடம் அழிந்தாலும் கல்வி பிழைத்தது. அரண்மனையில் ராஜாளி பழக்கியவரின் மகனான அலி குஷ்ஜி, உலூக் பேக்கின் மாணவர். அவர் சமர்கந்தை விட்டு வெளியேறிப் பல ஊர்கள் கடந்து இஸ்தான்பூல் சேர்ந்து, அங்கே பாடம் நடத்தினார். 'ஸீஜே சுல்தானி' 1665-இல் ஆக்ஸ்ஃபோர்டில் அச்சேறியது. நம் நாட்டில் ஜெய்ப்பூர் மன்னர் ஜெய்சிங் வானியல் அட்டவணை தயாரித்தபோதும் அது பயன்பட்டது.

அறிவியலை நேசிப்பதால் மட்டும் ஓர் ஆட்சியாளர் நீதியின் கடனிலிருந்து விடுபட முடியாது. ஆட்சியாளர் மீதுள்ள கோபத்தில் மக்களும் கல்வியைக் கைவிடக் கூடாது. ஒரு மன்னரின் தயவில் மட்டும் நின்ற கூடம் அவரோடு சாய்ந்தது. மாணவரின் நெஞ்சில் இறங்கிய கல்வி கடல் கடந்தும் வாழ்ந்தது. கல்வி எந்த அரசின் தயவிலும் தொங்காமல், நம் வீட்டுப் பிள்ளைகளின் நெஞ்சில் இறங்குவதற்கு நாம் உழைப்போமாக.