சொந்தப் பெயரையே விற்றவர்... படகுக்கு மோட்டார் மாட்டிய ஓலே எவின்ரூட் யார்?

நம்ம ஊர் கடற்கரையில் ஃபைபர் படகுகளைப் பார்த்திருப்பீங்க. பின்பக்கம் தொங்கிக்கொண்டு, வேணும்னா கழற்றி வீட்டுக்கே எடுத்துட்டுப் போகிற மாதிரி ஒரு மோட்டார் இருக்கும். அதுதான் அவுட்போர்டு மோட்டார். இன்றைக்கு அது நமக்குச் சாதாரணம். ஆனால் அமெரிக்காவில் 100 வயதைத் தாண்டிய இந்த மோட்டார்களைத் தேடிப்பிடித்து, வீட்டு ஷெட்டில் வைத்து மாதக்கணக்கில் துடைத்து, மறுபடியும் ஓடவைக்கிற ஒரு கூட்டமே இருக்கிறது. அவர்கள் ஆசையாகத் தேடும் பழைய பெயர்களில் இரண்டு, எவின்ரூட், எல்டோ.

இரண்டும் வேறு வேறு கம்பெனிகள். ஒன்றோடு ஒன்று போட்டி போட்டவை. இரண்டையும் தொடங்கியவர் ஒரே ஆள் என்பதுதான் விஷயமே!

யார் இந்த ஓலே எவின்ரூட்?

1877 ஏப்ரல் 19-ம் தேதி நார்வேயில் பிறந்தவர். சின்ன வயதிலேயே குடும்பம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்துக்குக் குடிபெயர்ந்தது. ரிப்ளி ஏரிக்குப் பக்கத்தில் விவசாயம். பள்ளிப் படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு நின்றுபோச்சு. அப்பாவுக்கு மகன் விவசாயியாக வேண்டும். மகனுக்கோ கண்ணெல்லாம் படகு மேலே. ஓலே ரகசியமாகக் கட்டிய முதல் படகை அப்பா உடைத்துப்போட்டார் என்றும், பையன் அசராமல் இன்னொன்று கட்டினான் என்றும் அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

16 வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பினார். மேடிசன் நகரில் இயந்திரப் பட்டறை வேலை. ராத்திரியில் தானாகவே கணக்கும் இன்ஜினியரிங்கும் படித்தார். பிட்ஸ்பர்க், சிகாகோ என்று சுற்றிவிட்டு மில்வாக்கிக்கு வந்து சேர்ந்தார். இன்ஜின் பாகங்களை வார்ப்பதற்கான அச்சு செய்வதில் கெட்டிக்காரர் என்று பேர் வாங்கினார்.

கை வேலை பிரமாதம். ஆனால் வியாபாரம்? சுத்தமாக வராது. 1900 வாக்கில் கூட்டாளியோடு தொடங்கிய இன்ஜின் கம்பெனி நிலைக்கவில்லை. கணக்கு எழுதுவது, கடிதத்துக்குப் பதில் போடுவது எல்லாம் அவருக்கு வேப்பங்காய். அந்த வேலைகளைச் செய்துகொடுக்க வந்தவர்தான் அக்கம்பக்கத்தில் வசித்த பெஸ் கேரி என்ற இளம்பெண். 1906-ல் இருவருக்கும் கல்யாணம்.

ஐஸ்க்ரீம் கதை உண்மையா?

எவின்ரூட் என்று தேடினால் முதலில் வந்து விழுவது இந்தக் கதைதான். ஒரு கோடைக்கால ஞாயிறு. ஒகாச்சி ஏரியின் தீவு ஒன்றில் நண்பர்களோடு பிக்னிக். பெஸ்ஸுக்கு ஐஸ்க்ரீம் சாப்பிட ஆசை. ஓலே துடுப்பு வலித்துக் கரைக்குப் போய் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் அது பால்பாயசம் ஆகிவிட்டது. படகுக்கு ஒரு மோட்டார் இருந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தோன்றியதாம்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். படகின் பின்னால் மாட்டும் மோட்டார் என்ற யோசனை ஓலேவுக்கு முன்பே இருந்தது. கேமரன் வாட்டர்மேன் என்ற அமெரிக்கர் அவரை முந்திக்கொண்டு அப்படி ஒன்றை விற்கவும் ஆரம்பித்திருந்தார். ஓலே செய்தது, சாதாரண ஆள் நம்பி வாங்கி ஓட்டக்கூடிய ஒன்றை.

அந்த அமைப்பு என்னன்னு கொஞ்சம் பார்த்துடலாம். சிலிண்டர் படுத்த வாக்கில் இருக்கும். உச்சியில் ஃப்ளைவீல். அதில் ஒரு கைப்பிடிக் குமிழ். அதைப் பிடித்துச் சுற்றினால் ஸ்டார்ட் ஆகும். அங்கிருந்து ஒரு தண்டு நேராகத் தண்ணீருக்குள் இறங்கும். அடியில் பல்சக்கரம் திசையை மாற்றிக்கொடுக்க, புரொப்பல்லர் சுழலும். குளிர்விக்க ஏரித் தண்ணீரே போதும். திருப்ப வேண்டுமா? மோட்டாரையே திருப்பினால் போதும். இன்று நீங்கள் பார்க்கும் பெட்ரோல் மோட்டார்களும் பெரும்பாலும் இதே எலும்புக்கூடுதான்.

முதல் மாதிரியைப் பார்த்த பெஸ்ஸுக்கு அது காப்பிக்கொட்டை அரைக்கிற மெஷின் மாதிரி தெரிந்ததாம். 1909-ல் விற்பனைக்கு வந்த மோட்டார் ஒன்றரை குதிரைத்திறன் கொண்டது. எடை 62 பவுண்டு, அதாவது சுமார் 28 கிலோ. விலையும் 62 டாலர்! ஒரு நண்பர் ஓட்டிப் பார்க்கிறேன் என்று மோட்டாரை வாங்கிப் போனவர், 10 ஆர்டர்களோடு திரும்பி வந்தார். 1911-ல் காப்புரிமையும் கிடைத்தது.

கடை நடத்தியது யார்?

இங்கேதான் ஐஸ்க்ரீம் கதை மேல் எனக்கு ஒரு வருத்தம். அதில் பெஸ் ஐஸ்க்ரீம் கேட்ட பெண்ணாக மட்டும் வந்துட்டுப் போயிடுறாங்க. நிஜத்தில் விளம்பரம் எழுதியதே அவர்தான். துடுப்பு வலித்தது போதும், அதைத் தூக்கி வீசிவிட்டு எவின்ரூட் மாட்டுங்கள் என்கிற பொருளில் அவர் எழுதிய வரிகள் அமெரிக்கா முழுக்கப் பிரபலமாயின. ஆர்டர்கள், கணக்குகள், வெளிநாட்டுக் கடிதங்கள் எல்லாம் அவர் மேஜைக்குத்தான் வந்தன. ஸ்காண்டிநேவிய மீனவர்களுக்காக ஏற்றுமதி ஆர்டர்கள் குவிந்தன. கிறிஸ் மேயர் என்பவர் பணம் போட்டுப் பங்குதாரர் ஆனார்.

கம்பெனி வளர வளர பெஸ்ஸின் உடம்பு கெட்டது. ஓலே 1914-ல் ஒரு முடிவெடுத்தார். கம்பெனி ஓஹோவென்று ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் தன் பங்கை மேயருக்கே விற்றுவிட்டார். 5 வருஷத்துக்குப் போட்டித் தொழிலில் இறங்க மாட்டேன் என்று ஒப்பந்தம். எவின்ரூட் என்ற பெயரும் கம்பெனியோடு போனது. மனைவியையும் சின்னப் பையன் ரால்ஃபையும் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றக் கிளம்பிவிட்டார்.

மேயர் வேண்டாம் என்ற மோட்டார்

கை சும்மா இருக்குமா? ஒப்பந்தக் காலம் முடிகிற சமயத்தில் புதிதாக ஒன்றை வடிவமைத்தார். பழைய மோட்டாரின் வெண்கலத்துக்கும் இரும்புக்கும் பதிலாகப் பல இடங்களில் அலுமினியம். இரட்டை சிலிண்டர். 3 குதிரைத்திறன். எடை 48 பவுண்டுதான், சுமார் 22 கிலோ. சக்தி இரண்டு மடங்கு, எடையோ குறைவு!

நேராக மேயரிடம்தான் எடுத்துப் போனார். மேயர் வேண்டாம் என்றுவிட்டார். தானே தயாரிக்கலாம் என்றால் சொந்தப் பெயரைப் போட முடியாது. அதனால் எவின்ரூட் லைட் ட்வின் அவுட்போர்டு என்பதன் முதல் எழுத்துகளைச் சேர்த்து, எல்டோ என்று பெயர் வைத்தார்கள். 1921-ல் புதுக் கம்பெனி பிறந்தது. பெஸ் மறுபடியும் மேஜைக்குத் திரும்பினார். பழைய எவின்ரூட்டுக்குப் புது எவின்ரூட்டே எதிரி!

1920-களில் ஜான்சன் சகோதரர்களும் களத்தில் குதிக்க, வேகப் போட்டி சூடுபிடித்தது. 1928-ல் எல்டோ 4 சிலிண்டர் மோட்டாரையே இறக்கியது. அடுத்த வருஷம் எல்டோவும், எவின்ரூட்டும், லாக்வுட் என்ற இன்னொரு நிறுவனமும் ஒன்றாக இணைந்தன. தலைவர் ஓலே. விற்ற பெயர் 15 வருஷம் கழித்துக் கைக்கு வந்தது.

நேரம்தான் சரியில்லை. அதே 1929-ல் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தது. ஏரியில் உல்லாசமாகப் போக யாரிடம் காசு இருந்தது? கம்பெனியைக் காப்பாற்ற ஓலே தன் சம்பளத்தை விட்டுக்கொடுத்தார். 1933-ல் பெஸ் இறந்தார். அடுத்த வருஷம், 1934 ஜூலை 12-ல் ஓலேவும் போய்விட்டார். வயது 57.

இன்றும் ஓடுவது எப்படி?

பொறுப்பு மகன் ரால்ஃப் கைக்கு வந்தது. 1936-ல் ஜான்சனும் அதே குடையின் கீழ் வந்தது. பின்னாளில் ஓ.எம்.சி. என்று அழைக்கப்பட்ட அந்த நிறுவனம் 2000 டிசம்பரில் திவாலானது. பிறகு கனடா நிறுவனம் ஒன்று எவின்ரூட்டை வாங்கி நடத்தியது. 2020-ல் உற்பத்தியை மொத்தமாக நிறுத்தியது.

ஆனால் வீட்டு ஷெட்டுகளில் வேலை நிற்கவில்லை. இந்தப் பழைய மோட்டார்களில் கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. இறுகிப்போன பிஸ்டன் இருந்தால் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி நாள்கணக்கில் ஊறவைக்கிறார்கள். தண்ணீர் ஓடும் பாதையில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது ரொம்ப முக்கியம். குளிர்காலத்தில் உள்ளே தங்கிய நீர் உறைந்து விரிந்து, உலோகத்தையே பிளந்துவிடும். அப்புறம் கார்புரேட்டரைக் கழுவி, ஸ்பார்க் வருகிறதா என்று பார்த்து, பெட்ரோலில் ஆயிலைக் கலக்கிறார்கள். இப்போதைய மோட்டார்களில் 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்பது வழக்கம். இந்தக் கிழங்களுக்கு அது பத்தாது. 16-க்கு 1 என்று தாராளமாக ஊற்றுகிறார்கள்.

கடைசியாக, தண்ணீர் நிரப்பிய ஒரு பெரிய டிரம்மில் அடிப்பாகம் மூழ்கும்படி மாட்டிவிட்டு, ஃப்ளைவீலின் குமிழைப் பிடித்து ஒரு சுற்று. விரலை உடனே எடுத்துடணும். ஸ்டார்ட் ஆனதும் அந்தக் குமிழும் சேர்ந்து சுற்றும். தாமதித்தால் மொழியைப் பெயர்த்துடும்!