‘சர்வகலாசாலை’ எப்படி ‘பல்கலைக்கழகம்’ ஆச்சு? பல்லாவரத்தில் வாழ்ந்த ஒரு தமிழ் வாத்தியாரின் கதை

பெருங்களத்தூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது போனில் ஒரு பிடிஎஃப் வந்து விழுகிறது. பல்கலைக்கழகச் சுற்றறிக்கை. மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள், கட்டணம், கீழே பதிவாளர் கையொப்பம். படித்துவிட்டு நண்பருக்கு அனுப்பும்போது மட்டும் ரீவேல்யூவேஷன் லாஸ்ட் டேட் வந்துடுச்சு என்று தட்டுகிறோம்.

இதே அறிக்கை நூறு வருஷத்துக்கு முன்னாடி தமிழில் வந்திருந்தால் நமக்குப் பாதி புரிந்திருக்காது. பல்கலைக்கழகம் ‘சர்வகலாசாலை’யாக இருந்திருக்கும். தேர்வு ‘பரீட்சை’, மாணவர்கள் ‘வித்தியார்த்திகள்’, சான்றிதழ் ‘அத்தாட்சிப் பத்திரம்’. பெரிய மனிதர் பெயருக்கு முன்னால் மகா ராஜ ராஜ ஸ்ரீ என்று ஒரு நீள அடைமொழியும் வந்திருக்கும்.

இந்த நடை மாறக் காரணமானவர்களில் முக்கியமானவர் ஒருவர் வாழ்ந்த ஊர் இங்கிருந்து நாலாவது ஸ்டேஷன்தான். தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம். எதிர்ப்பக்கம் செங்கல்பட்டு வண்டியில் ஏறினால் பொத்தேரி, காட்டாங்குளத்தூர் தாண்டி அவர் பெயரிலேயே ஒரு ஸ்டேஷன் வரும். மறைமலை நகர்.

மறைமலை அடிகளைப் பள்ளிப் பாடத்தில் ஒரு மதிப்பெண் கேள்வியாகத்தான் நம்மில் பலருக்குத் தெரியும். தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை யார்? விடையை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்போம். ஆனால் ஒரு பல்கலைக்கழகம் எடுத்த முடிவுதான் அவர் வேலையைப் பறித்து அவரைப் பல்லாவரத்துக்கு அனுப்பியது என்பது அந்தப் பாடத்தில் பெரும்பாலும் இருக்காது.

பட்டம் இல்லாத பேராசிரியர்

1876 ஜூலை 15-ல் நாகப்பட்டினத்தில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் வேதாசலம். அப்பா சொக்கநாத பிள்ளை மருத்துவர். அவர் இறந்ததும் பையனின் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றுபோனது. அதன்பிறகு நாகையில் புத்தகக் கடை வைத்திருந்த நாராயணசாமி பிள்ளை என்ற தமிழறிஞரிடம் இலக்கணமும் இலக்கியமும் படித்தார். கல்லூரி வாசலை மாணவராக மிதிக்கவே இல்லை.

அப்படிப்பட்டவருக்கு 1898-ல் சென்னை கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. இப்போது தாம்பரத்தில் காடு மாதிரி வளாகத்தோடு இருக்கும் அதே எம்சிசிதான். ஆனால் அந்தக் காலத்தில் கல்லூரி ஜார்ஜ் டவுனில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது. தாம்பரத்துக்கு வந்தது 1937-ல்.

வேலைக்கான நேர்காணல் பற்றி ஒரு கதை உண்டு. நேர்காணல் செய்தவர் அங்கே தமிழ்த்துறையில் இருந்த வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார். குற்றியலுகரத்துக்கு எடுத்துக்காட்டு கேட்டாராம். இளைஞர் வேதாசலம் தனக்கு அது தெரியாது என்று சொல்லிவிட்டார். சொன்ன மூன்று சொற்கள்: அஃது, எனக்கு, தெரியாது. ஆய்தத் தொடர், வன்தொடர், உயிர்த்தொடர் என்று மூன்று வகைக் குற்றியலுகரமும் அதற்குள்ளேயே இருந்தன. வேலை உறுதி. நடந்ததோ, பின்னால் யாராவது கோத்ததோ, தமிழ் வாத்தியார்கள் நூறு வருஷமாக வகுப்பில் சொல்லிச் சிரிக்கும் கதை இது.

அந்த சாஸ்திரியாரும் லேசுப்பட்டவர் இல்லை. தன் வடமொழிப் பெயரைப் பரிதிமாற் கலைஞர் என்று மாற்றி எழுதியவர். 1902-ல் சென்னைப் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்திலிருந்து தமிழை எடுக்க யோசித்தபோது எதிர்த்துப் போராடியவர்களில் ஒருவர். யோசனை கைவிடப்பட்டது. அடுத்த வருஷமே, 33 வயதில், சாஸ்திரியார் இறந்துபோனார்.

பிரச்சினை மட்டும் சாகவில்லை. சில வருஷங்களில் பல்கலைக்கழகம் மறுபடி பாடத்திட்டத்தில் கை வைத்தது. தமிழ் கட்டாயப் பாடம் இல்லை என்று ஆனது. படிக்கிற மாணவர்கள் குறைந்தால் வாத்தியார்கள் எதற்கு? பதிமூன்று வருஷம் பாடம் நடத்திய வேதாசலம் 1911-ல் கல்லூரியை விட்டு வெளியே வந்தார். கையில் பட்டமும் இல்லை, வேறு வேலையும் இல்லை. குடும்பத்தோடு பல்லாவரத்தில் குடியேறினார். அதே வருஷம் துறவு பூண்டு சுவாமி வேதாசலம் ஆனார். துறவு என்றாலும் மனைவி, பிள்ளைகளோடு அதே வீட்டில்தான் வாழ்ந்தார்.

பல்லாவரத்துத் தோட்டத்தில்

1916. வீட்டுத் தோட்டத்தில் மகள் நீலாம்பிகையோடு வள்ளலார் பாடல் ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தார். அதில் ‘தேகம்’ என்ற சொல் வந்தது. அந்த இடத்தில் ‘யாக்கை’ என்ற தமிழ்ச் சொல் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று மகளிடம் சொன்னார். பதிமூன்று வயதுப் பெண் அதை விடவில்லை. அப்படியானால் நாமே இனிமேல் கலப்பில்லாமல் எழுதினால் என்ன என்று பேச்சு வளர்ந்தது. தனித்தமிழ் இயக்கம் தொடங்கியது இப்படித்தான். பொதுக்கூட்டம், தீர்மானம் எதுவும் கிடையாது.

முதலில் வீட்டிலேயே அமல்படுத்தினார்கள். வேதம் என்றால் மறை, அசலம் என்றால் மலை. சுவாமி வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார். அவர் நடத்திய ‘ஞானசாகரம்’ இதழ் ‘அறிவுக்கடல்’ ஆனது. ‘சமரச சன்மார்க்க நிலையம்’ என்ற அமைப்பு ‘பொதுநிலைக் கழகம்’ ஆனது. அதோடு நிற்காமல், முன்பு தான் எழுதி வெளியிட்ட புத்தகங்களையே எடுத்து, மறுபதிப்பு வரும்போது வடசொற்களைக் களைந்து திருத்தி எழுதினார். இன்று ஒரு நிறுவனம் புது நடைக் கையேடு போட்டால் பழைய பக்கங்களைத் தொடாமல் விட்டுவிடும். இவர் அப்படி விடவில்லை. நீலாம்பிகை பின்னாளில் வடசொற்களுக்கு நிகரான தமிழ்ச் சொற்களை அகரவரிசையில் தொகுத்துப் புத்தகமாகவே கொடுத்தார்.

இதில் ஒரு சுவாரசியம் உண்டு. இந்த மனிதர் பல்லாண்டு காலம் நாட்குறிப்பு எழுதியது ஆங்கிலத்தில். ஆங்கில இதழ்களும் நடத்தியிருக்கிறார். வடமொழியும் நன்றாகத் தெரியும். காளிதாசரின் சாகுந்தலத்தைத் தமிழாக்கியவர் அவர். அதனால் பிற மொழி தெரியாததால் வந்த வெறுப்பு என்று இதைத் தள்ளிவிட முடியாது. அவர் எதிர்த்தது கலப்பை. அதோடு, சைவ வேளாளர் பெருமையும் பிராமண எதிர்ப்பும் அவர் எழுத்தில் கலந்தே இருந்தன. 1923-ல் ‘வேளாளர் நாகரிகம்’ என்று ஒரு நூலே எழுதினார். அந்தப் பக்கத்தை மறைத்துவிட்டு அவரைப் பற்றிப் பேசுவது நேர்மையாக இருக்காது.

அப்போ இந்தச் சொற்களை எல்லாம் அவர்தான் கண்டுபிடித்தாரா?

வாட்ஸ்அப்பில் அப்படித்தான் வரும். உண்மை அது இல்லை. தேர்வு, மாணவர் போன்றவற்றின் வேர்கள் தமிழில் முன்பே இருந்தவை. பலவற்றைப் பத்திரிகைகளும் சொல்லாக்கக் குழுக்களும் மேடைப் பேச்சாளர்களும் சேர்ந்து புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதே 1916-ல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியலைத் தமிழில் சொல்ல ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் பெயர் என்ன தெரியுமா? தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம். தமிழில் அறிவியல் வேண்டும் என்பதில் இரண்டு பக்கமும் ஒன்றுதான். எந்தத் தமிழில் என்பதில்தான் தகராறு. அந்தத் தகராறில் கடைசியில் ஜெயித்தது பல்லாவரத்துப் பக்கம். ‘பரிபாஷை’ என்று இப்போது யாரும் சொல்வதில்லை, ‘கலைச்சொல்’ என்கிறோம்.

அரசு ஆணைகள் பிறகுதான் வந்தன. அடிகள் 1950 செப்டம்பர் 15-ல் இறந்தார். தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-ல். அதன்பின் ஆட்சிச் சொற்களுக்கு அகராதி. 1967-ல் அண்ணா ஆட்சி வந்ததும் ஸ்ரீ, ஸ்ரீமதி போய் திரு, திருமதி அதிகாரபூர்வமாயின. பெயரைத் தமிழில் எழுதினால் இனிஷியலும் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று 2021-ல் ஓர் அரசாணை வந்தது. பல்கலைக்கழகச் செய்திக்குறிப்பில் இன்று ‘முனைவர்’, ‘துணைவேந்தர்’, ‘பட்டமளிப்பு விழா’ எல்லாம் யாரும் யோசிக்காமல் விழுவது இந்த நீண்ட வேலையின் பலன்.

எல்லைக்கு அந்தப் பக்கம் பார்த்தால் வித்தியாசம் தெரியும். கேரளத்தில் இன்றும் சர்வகலாசாலைதான். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் பரீட்சையும் உபவேந்தரும் இன்னும் வாழ்கிறார்கள். அதனால் அவர்கள் தமிழ் குறைந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் ஊரிலும் சல்லடையில் எல்லாம் சிக்கிவிடவில்லை. ‘விண்ணப்பம்’ சுத்தமான தமிழ் மாதிரிதான் ஒலிக்கிறது. அது ‘விஞ்ஞாபனம்’ என்ற வடசொல் தேய்ந்து வந்தது என்று மொழியியலாளர்கள் சொல்வதுண்டு.

இன்னொரு சிக்கல் நம் தலைமுறையுடையது. வடசொல் காலி செய்த இடத்தில் பேச்சில் வந்து உட்கார்ந்தது ஆங்கிலம். கலந்தாய்வு என்று அறிக்கை வரும், நாம் கவுன்சிலிங் போவோம். பருவத் தேர்வு என்று அச்சாகும், நாம் செமஸ்டர் எழுதுவோம். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிற பெண், ‘தேர்வுக்கூட நுழைவுச்சீட்டு’ என்று படித்துவிட்டு, அது ஹால் டிக்கெட்தானா என்று பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். புரியாத வடமொழி நடையிலிருந்து படிப்பை மீட்கப் புறப்பட்ட வேலை, சில அறிக்கைகளில் புரியாத தமிழ் நடையில் போய் நிற்பதை அடிகள் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பாரோ. அவருடைய சொந்தக் கட்டுரைகளோ நீள வாக்கியம் என்றாலும், சொல்ல வந்தது என்ன என்பதில் குழப்பம் இருக்காது.

வேலை போன பின்னும் அவர் விடாமல் செலவழித்தது புத்தகங்களுக்குத்தான். பல்லாவரம் வீட்டில் ஆயிரக்கணக்கில் சேர்த்து, அட்டை போட்டு, ஓரக் குறிப்பு எழுதி வைத்திருந்தார். அந்தச் சேகரிப்பு 1958-ல் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் முயற்சியில் சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் மறைமலை அடிகள் நூலகமாகத் திறக்கப்பட்டது. பின்னாளில் அது கன்னிமாரா நூலகக் கட்டடத்துக்கு இடம் மாறியது. தமிழில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கிய பலர், பள்ளிப் படிப்பையே முடிக்காத ஒருவரின் அந்தப் புத்தகங்களைத் தேடிப் போய்க் குறிப்பெடுத்தவர்கள்.