உயிர்களுக்குப் பெயர் சூட்டியவர்

முதலாம் ஆண்டுத் தாவரவியல் தேர்வில் மிளகின் அறிவியல் பெயரைப் ‘பைப்பர் நைகர்’ என்று எழுதி ஒரு புள்ளியை இழந்தேன். ‘பைப்பர் நைக்ரம்’ என்பதே சரி. ஒரு விகுதிக்காகப் புள்ளியைக் குறைப்பதா? அந்த ஆதங்கத்தில்தான், அப்பெயரைச் சூட்டிய கார்ல் லின்னேயஸின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

லின்னேயஸ் 1707இல் தென் சுவீடனில் பிறந்தார். தந்தை தேவாலயப் போதகர்; தோட்டக்கலையில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர். மகனும் செடிகொடிகளோடு வளர்ந்தார். 1732இல் லாப்லாந்துக்குச் சென்று தாவரங்களை ஆராய்ந்தார். 1735இல் நெதர்லாந்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். ‘சிஸ்டமா நேச்சுரே’ நூலையும் அதே ஆண்டில் வெளியிட்டார். 1741இல் உப்சாலா பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

அக்காலத்தில் ஒரு செடியின் பெயரே ஒரு வரி நீளும். 1753இல் வெளிவந்த ‘ஸ்பீசீஸ் பிளாண்டாரம்’ நூலில் ஏறத்தாழ 5,900 தாவரங்களுக்கு அவர் இரு சொற்பெயர் வழங்கினார். முதற்சொல் பேரினத்தைக் குறிக்கும். இரண்டாவது பெரும்பாலும் ஓர் இலத்தீன் பெயரடை.

தமிழ்ப்பள்ளியில் நாம் படித்த ‘கரிய’ என்னும் பெயரடை ஆணுக்கும் பெண்ணுக்கும் கல்லுக்கும் மாறுவதில்லை. மலாயிலும் ‘ஹித்தாம்’ மாறாது. இலத்தீனிலோ ஆண்பாலுக்கு நைகர், பெண்பாலுக்கு நைக்ரா, இரண்டுமல்லாததற்கு நைக்ரம். பைப்பர் மூன்றாம் வகை. மரங்கள் பெரும்பாலும் பெண்பால் என்பதால் கரிய மல்பெரி ‘மோரஸ் நைக்ரா’ ஆயிற்று. என் பிழை புரிந்தது. அவர்மீது மதிப்பும் கூடியது.

ஆனால், 1758ஆம் ஆண்டுப் பதிப்பைப் பற்றிப் படித்தபோது மனம் கனத்தது. அதில் விலங்குகளோடு மனிதரையும் கண்டவாரியாக நான்காகப் பிரித்து, நிறத்தோடு குணத்தையும் எழுதியிருந்தார். ஆசியரைப் பேராசைக்காரர் என்றார்; ஆப்பிரிக்கரைக் கரியவர், சோம்பேறிகள் என்றார். அங்கே நின்ற சொல், நான் தேர்வில் எழுதிய அதே ‘நைகர்’. இலக்கணப்படி அங்கே அது சரிதான்! அவரோ ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் கால் வைத்ததே இல்லை. மிளகு கரியது என்றது கண்ணால் கண்டது. மனிதரைச் சோம்பேறி என்றது?

நிறத்தைச் சொல்லிக் கேலி செய்யப்பட்டவன் நான். அந்த வரி எனக்கு வெறும் வரலாறாகத் தெரியவில்லை.

லின்னேயஸ் 1778இல் மறைந்தார். அவருடைய மனிதப் பிரிவினையை அறிவியல் கைவிட்டுவிட்டது. பெயரிடும் முறை நிலைத்துவிட்டது. நண்பர்களே, அவர் தந்த முறையை நன்றியோடு கற்போம். அவர் செய்த பிழையையும் மறைக்காமல் சொல்வோம். இரண்டும் சேர்ந்ததே அவர் வரலாறு.