குருவிகள் அவிழ்த்த புதிர்

மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே பெரியாற்று நீர் கம்பம் பள்ளத்தாக்கை அடைந்தது 1895-ஆம் ஆண்டில். தேனி வட்டாரத்து வயல்களுக்கு உயிரூட்டும் அந்த அணையைக் கட்டிய தொழிலாளர் பலர், மலேரியா என்னும் முறைக்காய்ச்சலுக்கு இரையாயினர். அந்நோய் பரவும் வழியை அன்று எவரும் தெளிவாக அறியவில்லை. சதுப்புநிலத்து நச்சுக்காற்றே காரணம் என்ற நம்பிக்கை நிலவிய காலம் அது.

இப்புதிரை அவிழ்த்த ரொனால்டு ராஸ், 1857-ஆம் ஆண்டு மே 13 அன்று இமயமலைப் பகுதியில் உள்ள அல்மோராவில் பிறந்தார். இலண்டனில் மருத்துவம் பயின்று, 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார்; சென்னை மாகாணத்தில் பணியாற்றினார்.

மலேரியா ஒட்டுண்ணியை 1880-இல் அல்ஜீரியாவில் கண்டறிந்தவர் பிரெஞ்சு மருத்துவர் லாவெரான். அதையொத்த ஒட்டுண்ணிகளைப் பறவைகளின் குருதியில் கண்டவர் கார்கிவ் நகரத்து அறிஞர் டானிலெவ்ஸ்கி. கொசுவுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டு எனக் கருதிய இலண்டன் மருத்துவர் மேன்சன், கடிதங்கள் வாயிலாக ராசுக்கு வழிகாட்டினார்.

1897-இல் உதகைக்கு அருகிலுள்ள சீகூர்ப் பகுதியில் ஆய்வு செய்தபோது ராசே மலேரியாவுக்கு ஆளானார். எனினும் அவர் தளரவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு 20 அன்று, செகந்திராபாத்தில், நோயாளியைக் கடித்த கொசுவின் வயிற்றுச் சுவரில் ஒட்டுண்ணியைக் கண்டார். ஆயினும் பணியிட மாற்றம் ஆய்வைத் தடுத்தது.

1898-இல் கொல்கத்தாவுக்கு வந்தார். கொள்ளைநோய்த் தடுப்பூசி குறித்த அச்சம் பரவியிருந்ததால், குருதி கொடுக்க மக்கள் தயங்கினர். எனவே, ராஸ் பறவைகளை நாடினார். உதவியாளர் முகமது பக்ஸ் அவருக்குத் துணைநின்றார். நோயுற்ற பறவையின் குருதியைக் குடித்த கொசுக்களை ஆராய்ந்து, ஒட்டுண்ணி அவற்றின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதை ஜூலையில் கண்டார். அக்கொசுக்களை நலமான சிட்டுக்குருவிகளைக் கடிக்கச் செய்தார். சோதனைக்கு உட்பட்ட 28 குருவிகளுள் 22 நோயுற்றன. நோய் பரவும் வழி புலப்பட்டது.

இச்செய்தியை மேன்சன் எடின்பரோ மருத்துவ மாநாட்டில் அறிவித்தார். மனித மலேரியாவும் அனாபிலிஸ் கொசுவால் பரவுவதை இத்தாலிய அறிஞர் கிராசி குழுவினர் அவ்வாண்டின் இறுதியில் மெய்ப்பித்தனர். ராசுக்கு 1902-இல் நோபல் பரிசு கிட்டியது. 1932-இல் அவர் மறைந்தார்.

காரணம் தெரியாமல் மாண்ட தொழிலாளரை எந்த ஆய்வும் மீட்கவில்லை. ஆயினும், தேங்கிய நீரில் பெருகும் கொசுவை ஒழித்தால் உயிர் காக்கலாம் என்னும் அறிவைப் பின்வந்தோர் பெற்றனர். அவ்வறிவு பல நாட்டார் கைகோத்து ஈட்டியது. அதற்குச் சான்று பகர்ந்தவை சின்னஞ்சிறு குருவிகள்.