கல்லச்சும் இராஜா ரவிவர்மாவும்

உலோகத் தகட்டில் வர்ணந்தீட்டி அதைக் காகிதத்தில் ஒற்றியெடுக்கும் ஒருவகைச் சித்திர அச்சில் செம்மையான பிரதி ஒன்றே கிடைக்கும். அது ஒருவர் வீட்டுச் சுவரையே அலங்கரிக்கும். அவ்வாறன்றி, ஒரு சித்திரத்தை ஆயிரமாயிரமாய்ப் பெருக்கி ஏழையின் குடிசைக்கும் அனுப்ப முற்பட்டவர் இராஜா ரவிவர்மா. அவரது சரித்திரம் தேசாபிமானிகள் அனைவரும் சிந்திக்கத்தக்கதென்பது நமது அபிப்பிராயம்.

அவர் 1848-ம் வருஷம் ஏப்ரல் 29-ந் தேதி திருவாங்கூரைச் சேர்ந்த கிளிமானூரில் பிறந்தார். இளமையிலேயே மகாராஜா ஆயில்யம் திருநாளின் ஆதரவைப் பெற்றார். அரண்மனைக்கு வந்திருந்த ஜென்சன் என்னும் ஐரோப்பியர் தைலவர்ணந் தீட்டுவதைப் பார்த்தே அவ்வித்தையில் தேர்ந்தார். 1873-ல் சென்னைக் கண்காட்சியில் தங்கப்பதக்கமும் அடைந்தார்.

அவருடைய படங்கள் மாளிகைகளில் அடைபட்டுக் கிடக்கலாகாது, ஐரோப்பாவுக்கனுப்பி வர்ணப் பிரதிகளெடுத்துப் பரப்புதல் வேண்டுமென்று ஸர் டி. மாதவராவ் யோசனை கூறினார். ரவிவர்மாவோ 1894-ல் பம்பாயிலேயே அச்சுக்கூடம் ஸ்தாபித்தார். சகோதரர் ராஜராஜ வர்மா துணைநின்றார். எண்ணெயும் நீரும் ஒட்டா என்பதே கல்லச்சின் சூக்ஷ்மம். சுண்ணாம்புக்கல்லில் கொழுப்பு மையினால் சித்திரத்தை இடவலம் மாற்றி வரைந்து, கல்லை நீரால் நனைத்து மையுருட்டினால், வரைந்த இடமே மையை ஏற்கும். வர்ணத்துக்கொரு கல்லாக, அதே காகிதம் பலமுறை அச்சேறவேண்டும். இம்மியளவு பிசகினும் படம் பாழ்.

இவ்வண்ணம் பிறந்த லக்ஷ்மியும் ஸரஸ்வதியும் தேசமெங்கும் சென்றனர். கோயில் வாசல் அடைக்கப்பட்டிருந்த ஜனங்களும் தெய்வத்தின் திருவுருவைத் தம் இல்லத்திலேயே வைத்து வணங்க இயன்றது. குருவிநத்தம் போன்ற சிற்றூரின் மண்சுவருக்கு இதனினும் பெரிய உபகாரம் வேறென்ன? அச்சித்திரங்களில் மேனாட்டுச் சாயலே மிகுந்ததென்று புதுவையில் வாழ்ந்த ஸ்ரீ அரவிந்தரும், கலைஞானி ஆனந்த குமாரசுவாமியும் கண்டித்தனர். அக்கண்டனத்தில் நியாயமுண்டு; ஆயினும் அது இவ்வுபகாரத்தை அழித்துவிடாது.

நம் உள்ளத்தை வருத்துவது வேறொன்று. கடன் பெருகிற்று, பம்பாயைப் பிளேக் நோயும் வாட்டிற்று. 1899-ல் அச்சுக்கூடம் லோணாவளைக்கருகேயுள்ள மளவலிக்குப் பெயர்ந்தது. 1901-ல் அது ஷ்லைக்கர் என்ற ஜெர்மானியர் கைக்கு மாறி, அவரிடம் செழித்தது. படங்களை விரும்பி வாங்கிய தேசம் அத்தொழிலைத் தாங்க முன்வரவில்லை. 1906 அக்டோபர் 2-ந் தேதி ரவிவர்மா கிளிமானூரில் காலமானார்.

மூலதனமும் யந்திரஞானமும் நம்மவரிடம் சேராதவரை, நம் தெய்வங்களின் படங்களைக்கூட அந்நியரிடம் விலைகொடுத்தே வாங்க நேரும். ஸ்வதேசியம் பேசுவோர், தம் ஊரில் ஒரு தொழிலாளி தொடங்கும் சிறு தொழிலையேனும் தளரவிடாது தாங்குவாராக. ரவிவர்மாவுக்கு நாம் செலுத்தத்தக்க கைம்மாறு அதுவே.