மரத்தில் வாழும் முன்னோர்

நியூசிலாந்தின் வடதீவில், கிழக்குக் கடற்கரையில் தூராங்கா என்னும் பகுதி உள்ளது. கிஸ்போர்ன் நகரம் இன்று அங்குதான் அமைந்துள்ளது. அப்பகுதியில் வாழும் மாவோரி மக்களுள் ரோங்கோவக்காத்தா குலத்தில், ஏறத்தாழ 1800ஆம் ஆண்டில் ரகருகி ருக்குப்போ பிறந்தார். அவர் குலத்தலைவராகவும் ஒப்பற்ற மரச்சிற்பியாகவும் விளங்கினார்.

தம் தமையனார் மறைந்தபின், அவர் நினைவாக ருக்குப்போ ஒரு மன்றம் எழுப்பினார். சிற்பிகள் பலர் அவருக்குத் துணைநின்றனர். முன்னோர் கல்லுளியால் மரத்தைச் செதுக்கினர்; இவர் காலத்தில் ஐரோப்பியரிடமிருந்து இரும்புளி கிடைத்தது. கருவி புதிதாயினும் கலைமரபு மாறவில்லை. 1840களின் தொடக்கத்தில் உருவான அம்மன்றத்தின் பெயர் ‘தே ஹௌ கி தூராங்கா’.

மாவோரி மரபில் மன்றம் என்பது வெறும் கட்டடம் அன்று. அது ஒரு மூதாதையின் உடல். கூரையின் முகட்டு விட்டம் முதுகெலும்பு. இருபுறமும் இறங்கும் கைமரங்கள் விலா எலும்புகள். சுவர்ப் பலகைகளில் செதுக்கப்பட்ட உருவங்கள் குலத்தின் முன்னோர். அவற்றின் இடையே பின்னல் தட்டிகள் அணிசெய்கின்றன. கைமரங்களில் சிவப்பு, கறுப்பு, வெள்ளை நிறங்களில் சுருள்கோலங்கள் தீட்டப்பட்டுள்ளன. இளம் பெரணிக்குருத்து விரியும் வடிவிலுள்ள ‘கோரு’ என்னும் சுருள், புத்துயிரையும் வளர்ச்சியையும் குறிக்கும். எழுத்து வழக்கில் இல்லாத காலத்தில், இத்தகைய சிற்பங்களே குலவரலாற்றைத் தாங்கி நின்றன. முகத்தில் பச்சை குத்திய கோடுகளுடன் தம் உருவத்தையும் ருக்குப்போ அம்மன்றத்தில் செதுக்கினார்.

1867ஆம் ஆண்டில் அரசு அம்மன்றத்தைப் பிரித்தெடுத்துக் கப்பலில் வெல்லிங்டனுக்குக் கொண்டுசென்றது. தம் ஒப்புதலின்றி அது எடுக்கப்பட்டதென ருக்குப்போ நாடாளுமன்றத்திற்கு விண்ணப்பித்தார். ஆயினும் மன்றம் திரும்பவில்லை. 1873இல் அவர் காலமானார்.

அவருடைய வழித்தோன்றல்கள் தம் உரிமையை மறக்கவில்லை. 2012ஆம் ஆண்டுச் சட்டம் அம்மன்றத்தின் உரிமையை அவர்கள் குலத்திற்கே மீட்டளித்தது. இன்று வெல்லிங்டனிலுள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தில் அதனைக் காணலாம். அதனைக் காண வருவோர்க்கு அது கலைப்பொருள். அக்குலத்தார்க்கோ அது உறவினர் உறையும் இல்லம்.

தெரிந்துகொள்வோம்

பழந்தமிழ் எழுத்துகள் பொறித்த, உடைந்த வெண்கல மணி ஒன்றும் தே பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ளது. மாவோரி மக்கள் அதனைச் சமையற்கலமாகப் பயன்படுத்திவந்தனர். கொலென்சோ என்னும் சமயப்பணியாளர் அதனைக் கண்டு பாதுகாத்தார்.

பயிற்சி

1. மாவோரி மன்றத்தின் உறுப்புகள் உடலின் எவ்வுறுப்புகளைக் குறிக்கின்றன?
2. ருக்குப்போ நாடாளுமன்றத்திற்கு விண்ணப்பித்தது ஏன்?
3. பெரணிக்குருத்து, அலை, கொடி ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்டு சுருள்கோலம் வரைக. மூன்று நிறங்களை மட்டும் பயன்படுத்துக.
4. உம் குடும்பத்தின் முன்னோர் ஒருவரைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்டு ஐந்து தொடர்கள் எழுதுக.